நோயாளிக்கு மட்டும் தெரியாது

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்." தமிழ்நாட்டில் புற்றுநோய் பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். பயாப்சி முடிவு வந்த அன்று மகன் உள்ளே போகிறார், மருமகன் போகிறார், முதல் நாள் ராத்திரி பஸ் பிடித்து வந்த சித்தப்பா போகிறார். நோயாளியான அப்பா மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அரை மணி நேரத்தில் விஷயம் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விடுகிறது. அப்பா இல்லாத புது வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போட்டாயிற்று. அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனின் கருத்தும் வந்தாயிற்று. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்குத் தெரியும், வார்டு ஆயாவுக்குத் தெரியும். அப்பாவிடம் மட்டும், "சின்னக் கட்டிதாம்ப்பா, மருந்துலயே கரைச்சிடலாம்னு சொல்றாங்க."

பிறகு அவரை அடையாறுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே வாசலிலேயே கேன்சர் இன்ஸ்டிட்யூட் என்று எழுதியிருக்கிறது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. பாசம்தான் காரணம். அதனாலேயே இதை எதிர்த்து எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பாசத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நோய் என்பது நோயாளியுடையதல்ல, குடும்பத்துடையது. டாக்டர் பதில் சொல்ல வேண்டியது குடும்பத்துக்கு. தனி மனிதனின் அந்தரங்கம் எல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சரக்கு, கூட்டமாக வாழும் நமக்கு அது ஒத்துவராது. தப்புத்தண்டா செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் கிடையாது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிலும் பாதிப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு, அதோடு ஆளையும் கொல்லும் என்பது என் கட்சி.

முதலில் வெள்ளைக்காரன் சரக்கு என்ற கதையை முடித்துவிடலாம். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க உறுதிமொழியில் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று இருப்பது உண்மைதான். சரக சம்ஹிதையிலும் இருக்கிறது. விமான ஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயத்தில், வைத்தியம் கற்க வரும் மாணவனுக்கு ஆசிரியர் விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்று, நோயாளியின் வீட்டுக்குள் அறிந்துகொண்ட சங்கதிகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது. அதே இடத்தில் இன்னொன்றும் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயுள் முடியப்போகிறது என்று வைத்தியனுக்குத் தெரிந்தாலும், அதைச் சொல்வது நோயாளிக்கோ மற்றவருக்கோ அதிர்ச்சி தரும் இடத்தில் சொல்லக் கூடாது. நம் ஆட்கள் முதல் விதியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் "மற்றவருக்கோ" என்பதை வசதியாகத் தாண்டிவிட்டார்கள். நோயாளியிடம் மறைத்துவிட்டு மைத்துனரிடம் ஒப்படைத்துவிடு என்று சரகர் எங்கும் சொல்லவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தங்கள் சொந்த ஊரை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். காசநோய் என்று தெரிந்தால் உள்ளூர் ஆஸ்பத்திரியை விட்டுப் பக்கத்து மாவட்டத்துக்கு மருந்து வாங்கப் போகிறவர் யார்? மனநல மருத்துவரைப் பார்க்க வெளியூரில் ராத்திரி அப்பாயின்ட்மென்ட் கேட்கிறவர் யார்? கருத்தரிப்பு மையத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர் யார்? பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததைச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் முகூர்த்தம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் யார்? நோயை நம்மைப் போல ஒளித்து வைக்கத் தெரிந்த சமூகம் உலகத்தில் குறைவு. ரகசியத்தின் அருமை நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எதை மறைப்பது, எதைச் சொல்வது என்ற முடிவை மட்டும் நோய் வந்தவரிடம் விடமாட்டோம். வீட்டின் மானம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தகவல் மூடும் அல்லது திறக்கும்.

கருத்தரிப்பு மையங்களைக் கவனித்தால் இது பளிச்சென்று தெரியும். குறை மனைவியிடம் என்று ரிப்போர்ட் வந்தால் மாமியார், நாத்தனார், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மறுமணப் பேச்சுகூடத் தொடங்கிவிடும். கணவனின் விந்தணு எண்ணிக்கை சுழியம் என்று வந்தால் அதே குடும்பத்துக்குத் திடீரென்று அந்தரங்கத்தின் மகிமை புரிந்துவிடுகிறது. "இது உங்களுக்குள்ளயே இருக்கட்டும் டாக்டர்." இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர். கணவனுக்குக் கிடைத்த பாதுகாப்பில் தவறே இல்லை, அதே பாதுகாப்பு மனைவிக்கும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்குப் பதிலாக, கணவனின் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகப் பழியையும் அவளையே சுமக்க வைக்கிறார்கள்.

சட்டம் இதில் குடும்பத்தின் பக்கம் இல்லை. கருக்கலைப்புக்கு, 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் "ஹஸ்பண்ட் சைன் வேணும்மா" என்று திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரிகள் இன்றும் இருக்கின்றன. கணவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே தனியாக வந்த பெண் அங்கிருந்து நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது, கணவனுக்கும். டெல்லியில் ஒரு வழக்கு. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை எடுக்க, வெளியே இருந்த அம்மாவிடம் டாக்டர் சம்மதம் வாங்கிக்கொண்டார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. வயது வந்த, சுய நினைவுக்குத் திரும்பப்போகிற ஒருவருக்காக அவசரம் இல்லாத நேரத்தில் அம்மாவாலும் முடிவெடுக்க முடியாது. இந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், "அட்டெண்டர் யாரு? வாங்க, கையெழுத்துப் போடுங்க" என்ற குரல் மாறவில்லை.

18 வயது நிறையாத பெண்களின் நிலை இதைவிட மோசம். அவர்கள் கர்ப்பமாக வந்தால், போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். குழந்தைகளைக் காக்க வந்த விதி, நல்ல விதி. ஆனால் விருப்பப்பட்டுப் பழகி, கர்ப்பமாகி, பயந்துபோய் அம்மாவோடு வரும் 17 வயதுப் பெண்ணுக்கு அது கதவைச் சாத்திவிடுகிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீஸ் தகவலில் பெயர் முதலான அடையாளங்களைத் தர வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் வெளியே போகாது என்ற இந்த ஒரு வரி, எத்தனை பெண்களைப் போலி டாக்டர்களிடமிருந்து காப்பாற்ற முடியும்! ஆனால் அது அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டுமே.

சாத்தூரை மறந்திருக்கமாட்டீர்கள். 2018 டிசம்பரில், அங்கே அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வெளியானது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு அப்போது தன் தொற்றுப் பற்றித் தெரியாது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தெரிந்தவுடன், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானாகவே போய்ச் சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அவருக்குத் தகவல் போகவில்லை என்பது பிறகு வெளிவந்தது. மாதக் கடைசியில் அவர் தற்கொலைக்கு முயன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். ஒருவர் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்று வெளியில் இருந்துகொண்டு அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் தகவல் போன வழியைப் பாருங்கள். 2016-இல் அவருக்குப் போயிருக்க வேண்டிய தகவல் போகவில்லை. 2018-இல் போகக் கூடாத இடங்களுக்கெல்லாம் போனது. இந்தப் பத்தியை அவர் பெயரும் ஊரும் இல்லாமலே எழுத முடிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

"அப்படின்னா புருஷனுக்கு எய்ட்ஸ்னு பொண்டாட்டிக்குச் சொல்லக் கூடாதா?" இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது நிமிஷம் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடிய வழக்கு ஒன்று சென்னையில்தான் தொடங்கியது. நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு டாக்டர் 1995-இல் இங்கே ஒரு நோயாளிக்காக ரத்தம் கொடுத்தார், பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விஷயம் வெளியே போய்க் கல்யாணம் நின்றது, சொந்த ஊரில் குடியிருக்க முடியாத நிலை வந்தது. ஆஸ்பத்திரி ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1998-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மணப்பெண் நோயிலிருந்து தப்பித்தாரே, அந்தரங்க உரிமை எல்லையற்றதல்லவே என்பது நீதிமன்றத்தின் வாதம். போகிற போக்கில், இப்படிப்பட்டவர்களுக்குத் திருமணம் செய்யும் உரிமையே நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் எழுதிவிட்டார்கள். 2002-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்க வேண்டி வந்தது.

அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கு ஏன் தெரிய வேண்டும்? பெண்ணைக் காப்பாற்ற ஒருவரிடம் சொன்னால் போதும். அவரை ஊரைவிட்டு விரட்டியது மற்ற நூறு பேருக்குத் தெரிந்ததுதான். நம் வாதங்களில் எப்போதும் நடக்கும் தகிடுதத்தம் இது. மனைவியின் உரிமையைச் சொல்லி உள்ளே நுழைவார்கள், வெளியே வரும்போது மாமனார், பங்காளி, வேலை கொடுத்தவர், வீட்டு ஓனர் எல்லாரும் கூடவே வருவார்கள்.

2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இந்த முடிச்சை அழகாக அவிழ்த்திருக்கிறது. நோயாளி தானே துணையிடம் சொல்லும்படி முதலில் ஆலோசனை தர வேண்டும். சொல்லமாட்டார், துணைக்கு உண்மையிலேயே ஆபத்து என்று தெரிந்தால், நான் சொல்லப்போகிறேன் என்று நோயாளியிடம் அறிவித்துவிட்டு, டாக்டரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். சொன்னால் அடி, உதை, வீட்டைவிட்டுத் துரத்தல் நடக்கும் என்ற அச்சம் இருந்தால், முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு சட்டம் யோசித்திருக்கும்போது "எல்லாருக்கும் சொல்லிட்டா நல்லதுதானே" என்பது சோம்பேறித்தனம். காசநோயை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. அரசுக்கு அறிவிப்பது வேறு, அறிவித்ததைச் சாக்காக வைத்து வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, "டி.பி. பேஷண்ட் வீடு இதுவா?" என்று எதிர்வீட்டில் கேட்பது வேறு.

வாசல் என்றதும் 2020 ஞாபகம் வருகிறது. கொரோனா வந்த வீட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள், தகரம் அடித்தார்கள். அந்த மார்ச்சில் ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசன் இடத்திலேயே தவறுதலாக ஒரு நோட்டீஸ் ஒட்டி, பிறகு கிழித்தார்கள். அவருக்கு மறுப்பு அறிக்கை விட ஆள் உண்டு. தெருக்கோடியில் இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்த பெண்மணிக்கு? நோட்டீஸைப் பார்த்த அன்று நின்ற வியாபாரம் நோட்டீஸைக் கிழித்த பிறகும் திரும்பி வரவில்லை என்ற கதை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீடுகளில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த டிசம்பரில். அதற்குள் நோட்டீஸுக்குப் பயந்து பரிசோதனைக்கே வராமல் வீட்டில் கஷாயம் குடித்துக் கிடந்தவர்களை நாமெல்லாம் பார்த்தாயிற்று.

அடுத்த வாதம், கூட்டம். "ஒரு நாளைக்கு முந்நூறு ஓ.பி. பாக்குற எடத்துல ரகசியமாவது, ஒண்ணாவது?" கூட்டம் இருப்பது நிஜம். ஆனால் கூட்டத்தின் தலையில் கட்ட முடியாத காரியங்களே இங்கு அதிகம். எந்த லேப் கவுன்டருக்காவது மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். ரிப்போர்ட் வாங்க வந்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டிரே, அதில் அன்றைய ரிப்போர்ட் எல்லாம் மடிக்காமல் குவிந்து கிடக்கின்றன. "உங்க பேரு பாத்து எடுத்துக்குங்க" என்று கவுன்டர் பையன் போனைப் பார்த்தபடியே சொல்கிறான். தன் காகிதத்தைத் தேடும் ஒவ்வொருவரும் இருபது பேருடைய காகிதத்தைப் புரட்டுகிறார்கள். பேர், வயது, பரிசோதனையின் பெயர், சிவப்பு வட்டம் போட்ட எண். ஒருவர் தேடுவதை நிறுத்தி ஒரு ரிப்போர்ட்டை உற்றுப் பார்க்கிறார். தெரிந்த பேர் போலிருக்கிறது. காகிதத்தை மடித்துக் கவரில் போட்டுப் பேர் கூப்பிட்டுக் கொடுக்க எத்தனை கோடி ரூபாய் வேண்டும்?

ஓ.பி. அறையிலும் இதே கதைதான். டாக்டர் மேஜையைச் சுற்றி ஒரே சமயத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெண் வெள்ளைப்படுதலைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கிறாள். பின்னால் நிற்கும் ஆளின் லுங்கி அவள் தோளில் உரசுகிறது. "என்னம்மா பண்ணுது?" "வயித்து வலிங்க டாக்டர்." வயிற்றுவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுகிறார். நேரம் மிச்சமானது போலத் தெரியும். ஆறு மாதம் கழித்து நோய் முற்றி அவள் திரும்பி வரும்போது அந்த மிச்சத்துக்கெல்லாம் வட்டி போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். நோயாளி உண்மையைச் சொல்லாவிட்டால் எந்த ஸ்கேன் மெஷினும் டாக்டரைக் காப்பாற்றாது. மற்றவர்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்வதும் ஒரு திரைச்சீலை கட்டுவதும் மரியாதைக்காக மட்டும் கேட்கப்படுபவை அல்ல. நோயைக் கண்டுபிடிக்கும் முதல் வழியே அவைதான்.

அரசு ஆஸ்பத்திரியில் இது நடக்காது என்பவர்கள் அதே காம்பவுண்டுக்குள் இருக்கும் நம்பிக்கை மையத்தை எட்டிப் பார்க்கட்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அங்கே தனி அறை, ஆலோசகர், பரிசோதனைக்கு முன்பும் பின்பும் தனியாகப் பேச்சு, சம்மதம் கேட்டு ரத்தம் எடுப்பது என்று வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. 1986-இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தபோது இந்த ஊர் எப்படி நடுங்கியது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நடுக்கத்திலிருந்து, 2004-இல் தாம்பரம் சானடோரியத்தில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கி, ஜனங்கள் தாங்களாக வந்து வரிசையில் நிற்கும் நிலைக்கு வந்ததில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, பேர் வெளியே போகாது என்ற தைரியத்துக்கும் பங்கு உண்டு. ஒரு நோய்க்கு முடிந்தது மற்ற நோய்களுக்கு முடியாதா? எச்.ஐ.வி. என்றால் பயந்து ஒழுங்காக இருக்கிறோம், கர்ப்பப்பைக் கட்டி என்றால் வராந்தாவில் கூவுகிறோம்.

நம் அரசியலும் இந்தக் குழப்பத்தை நன்றாக வளர்த்துவிட்டிருக்கிறது. 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்று காட்டும் படக்காட்சி தேர்தலுக்காக ஊர் ஊராக ஓடியது. 2016-இல் ஜெயலலிதா 75 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு புகைப்படம்கூட வரவில்லை. அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் பழரசம் குடிக்கும் காட்சியை டி.டி.வி. தினகரன் அணிக்காரர் வெளியிட்டார். "பாத்தீங்களா, பிரைவசி, பிரைவசின்னு சொல்லித்தானே ஏமாத்தினாங்க" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். முதலமைச்சரால் கோப்பு பார்க்க முடியுமா, முடியாதா என்பதை அறிய ஜனங்களுக்கு உரிமை உண்டு, அது ஆட்சி சம்பந்தப்பட்டது. ஆனால் நைட்டியோடு படுக்கையில் இருக்கும் ஒரு பெண்மணியின் படம் ஓட்டுக்காக ஓடியபோது சம்மதம் சொல்ல அவர் இல்லை. ஒரு முறை காட்டியும் ஒரு முறை மறைத்தும் முடிவெடுத்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள். சாதாரணக் குடும்பத்தில் மகனும் மருமகனும் செய்வதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள்.

விபத்து நடந்த மறுநாள் வார்டுக்குள் கேமராவோடு நுழையும் தலைவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பாதி மயக்கத்தில், மூக்கில் குழாயோடு கிடப்பவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

லேப் கவுன்டரில் பார்த்தோமே, கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த டிரேயின் அளவு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை யாரோ முடக்கி, வாரக்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ ரிப்போர்ட்டுகள் உட்பட, டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளில் மருத்துவப் பதிவுகளைக் கூடுதல் கவனம் வேண்டியவை என்று தனியாகக் குறித்திருந்தார்கள். 2023-இல் வந்த புதிய தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே கிடையாது. உங்கள் மனநோய் மாத்திரையும் உங்கள் பின்கோடும் ஒரே தட்டில். சுகாதாரத் தகவலுக்கென்று 2018-இல் ஒரு வரைவுச் சட்டம் வந்தது, வரைவாகவே கிடக்கிறது. டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று கறாராகச் சொல்கின்றன. ஆனால் அவை டாக்டரை மட்டும் கட்டும். லேப் பையனையோ பில்லிங் கவுன்டரையோ காப்பீட்டு டெஸ்க்கையோ கட்டாது. "நம்ம லேப்ல தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், விசாரிச்சுடலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வது அந்த ஓட்டை வழியாகத்தான். இன்னொரு வேடிக்கை: வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைச் சொல்லும்படி அவரை நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்த முடியாது, 1872 முதல் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. டாக்டரிடம் சொன்ன ரகசியத்துக்கு அப்போதும் இல்லை, 2023-இல் சாட்சியச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் இல்லை.

"பில் கட்டுறது நாங்க சார்." கடைசி வாதம் இது, உண்மையில் இதுதான் முதல் வாதமும். பணம் கட்டுபவருக்குச் செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. கட்டிலில் கிடப்பவரின் உடம்பு அதில் அடமானம் வைக்கப்படவில்லை. டாக்டர்கள் ஏன் அட்டெண்டரிடமே பேசுகிறார்கள் என்பதும் புரிகிறது. நோயாளி டாக்டரை அடிக்கமாட்டார், சுற்றி நிற்பவர்கள் அடிப்பார்கள். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தியது ஒரு நோயாளியின் மகன். இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது அரசாங்கத்தின் வேலை. பயத்துக்கு விலையாக நோயாளியைக் கொடுக்க முடியாது.

"வயசானவரு, தாங்கமாட்டாரு" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான அப்பாக்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். கொட்டும் முடி சொல்லும், மகளின் வீங்கிய கண் சொல்லும். கேட்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவரும் தெரியாதவர் போல நடிப்பார். நிலத்துப் பத்திரத்தை யார் பேருக்கு மாற்றுவது, பத்து வருடமாகப் பேசாத தம்பியைக் கூப்பிடலாமா, ஆறாவது ஊசி வேண்டுமா அல்லது ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்காரலாமா, எதையும் அவர் வாய்விட்டுக் கேட்க முடியாது. எதற்கென்றே தெரியாத படிவத்தில் "இங்க ஒரு கையெழுத்துப்பா" என்ற இடத்தில் போட்டுக் கொடுப்பார். சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பமாட்டார்கள். "எல்லாத்தையும் பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியதுதான். ஆனால் அவரைக் கேட்டால்தானே அது அவர் எடுத்த முடிவு?

கேட்பது அப்படி ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நோயாளியே எழுதிக் கொடுத்து நியமிக்கலாம் என்கிறது. அது கணவனாகவோ அப்பாவாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நண்பராகவும் இருக்கலாம். மனநோயாளிக்கு நாம் ஒப்புக்கொண்ட உரிமையைப் பித்தப்பைக் கல்லுக்காகச் சேரும் ஒருவருக்குக் கொடுக்க என்ன தடை? பெரும்பாலான ஆஸ்பத்திரிகளின் அட்மிஷன் படிவத்தில் தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் அச்சடிக்கட்டும்: உங்கள் நோய் விவரத்தை யாரிடம் சொல்லலாம்? கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நர்ஸ் அதை வாசித்துக் காட்டட்டும். அங்கே மகன் பேரை எழுதுகிறாரோ, பக்கத்துத் தெரு சிநேகிதி பேரை எழுதுகிறாரோ, யாரும் வேண்டாம் என்று கோடு போடுகிறாரோ, அது அவர் இஷ்டம்.